நாஹான்: அறைகூவலா, ஆர்ப்பா?

சீன எழுத்தாளர் லூ சுன் 1923-இல் வெளியிட்ட முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயர் ‘நாஹான்’. ஆங்கிலத்தில் ‘போருக்கு அழைப்பு’ என்ற பொருளிலேயே பெயர்பெற்றுவிட்டதால், தமிழிலும் ‘அறைகூவல்’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் அறைகூவுபவன் எதிரியின் முன்னால் போய் நிற்பவன். நாஹான் அவன் குரல் அன்று.

இரண்டெழுத்துச் சொல் இது. இரண்டிலும் வாயைக் குறிக்கும் உறுப்பு உண்டு. ‘ஹான்’ என்றால் கத்துதல். முந்தைய எழுத்துக்குப் பழஞ்சீனத்தில் வேறோர் ஒலிப்பும் இருந்தது, பொருள் திக்கிப் பேசுதல் (வேடிக்கையான கூட்டுதான்). பழைய போர்க்கதைகளில் முரசறைந்து படையினர் கூட்டமாக எழுப்பும் இரைச்சல் நாஹான். ‘கொடியசைத்து நாஹான்’ என்றொரு மரபுத்தொடரும் உண்டு. சண்டையில் இறங்காமல் பின்னால் நின்று உசுப்பேற்றுகிறவரை இன்றும் அப்படிக் குத்திக்காட்டுவார்கள்.

1911-இல் வெடித்த புரட்சியில் சீன மன்னராட்சி விழுந்தது; வந்த குடியரசோ அதிபர் யுவான் ஷிகாயிடமும் பிறகு படைத்தலைவர்களிடமும் சிக்கியது. பெய்ஜிங்கில் கல்வி அமைச்சக ஊழியரான லூ சுன், மனம் விட்டுப்போய்ப் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். ‘புதிய இளைஞர்’ இதழுக்கு எழுதும்படி நண்பர் சியான் சுவான்தோங் கேட்டார். சன்னலில்லாத இரும்பு வீட்டில் உறங்கியபடியே மூச்சடைத்துச் சாகப்போகிறவர்களை எழுப்பி வதைப்பானேன் என்று மறுத்துப் பார்த்தார் லூ சுன். பிறகு எழுதினார், 1918-இல் ‘ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ வந்தது.

தொகுப்பின் முன்னுரை சொல்லுக்கு உரையே எழுதிவிடுகிறது. தனிமையில் விரைந்துகொண்டிருந்த வீரர்களுக்கு ஆறுதலாகத்தான் சில குரல் கொடுத்தாராம். படையின் குரல் தளபதியின் ஆணைக்கு அடங்க வேண்டுமே! சோர்வுக்கு அங்கே இடமில்லை. அதனால் ‘மருந்து’ கதையில், கொல்லப்பட்ட புரட்சியாளனின் கல்லறையில் ஒரு மலர்வளையத்தைக் காரணமின்றி வைத்தேன் என்கிறார். நம்பிக்கையை இரவல் வாங்கிக் கத்தியவரின் வாக்குமூலம் இது.

‘கூக்குரல்’ என்றால் அபயக்குரலாகிவிடும். ‘முழக்கம்’ மேடைக்குப் போய்விட்டது. என் தேர்வு ‘ஆர்ப்பு’. காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சான அலரின் பேரொலிக்கு ‘ஒளிறுவாட் கொங்கர் ஆர்ப்பினும் பெரிதே’ என்கிறது குறுந்தொகை 393. அதுவும் படையின் ஒலிதான். இன்றைய ‘ஆர்ப்பாட்டம்’ அதன் கிளை. சீனச் சொல்லின் குத்தல் மட்டும் இதில் இல்லை. அந்த இழப்பை ஒப்புக்கொண்டே எழுத வேண்டும்.

1926-இல் வந்த அடுத்த தொகுப்பு ‘பாங்ஹுவாங்’. ‘புதிய இளைஞர்’ குழு அதற்குள் கலைந்திருந்தது. ‘பாங்ஹுவாங்’ என்றால் எப்பக்கம் போவதென்று தெரியாமல் சுழன்று நிற்பது என்று பொருள். அதற்குத் தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது: அலமரல்.