எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ரயில் மாறுகிறீர்களா? டிக்கெட் எடுக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்

தென் மாவட்டங்களிலிருந்து சென்னை வரும் பெரும்பாலான ரயில்கள் எழும்பூரிலோ தாம்பரத்திலோ நின்றுவிடுகின்றன. டெல்லி, ஹவுரா, மும்பை, அகமதாபாத் பக்கம் போகிற பெரும்பாலான ரயில்கள் சென்ட்ரலில் கிளம்புகின்றன. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில்தான் குடும்பம் குடும்பமாகப் பணத்தை இழக்கிறார்கள். முதல் ரயில் தாமதமாக வரும், அடுத்த ரயில் போயிருக்கும். கவுன்டரில் போய் நின்றால், "அது வேற டிக்கெட், இது வேற டிக்கெட். நீங்க லேட்டா வந்தா நாங்க என்ன செய்ய முடியும்?" என்பார்கள். லேட்டாக வந்தது ரயில், பயணி அல்ல. ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வாசலில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு விதி இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு டிக்கெட்டுகளின் பிஎன்ஆர் எண்களையும் (டிக்கெட்டில் இருக்கும் பத்து இலக்க முன்பதிவு எண்) ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளலாம். இணைத்திருந்து, முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது ரயில் தவறிப்போனால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தை ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திருப்பித் தர வேண்டும். எல்லா வகுப்புக்கும் இது பொருந்தும். இரண்டுமே ஆன்லைன் டிக்கெட்டாக இருக்கலாம், இரண்டுமே கவுன்டர் டிக்கெட்டாக இருக்கலாம், ஒன்று அது, ஒன்று இது என்றும் இருக்கலாம்.

விதி இவ்வளவுதான். இணைக்காத டிக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நீங்கள் எழும்பூர் வந்து சேரும் நேரத்துக்குள் சென்ட்ரல் ரயிலுக்குச் சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போட்டிருப்பார்கள். உறுதியான டிக்கெட்டை அதற்குப் பிறகு சாதாரண வழியில் ரத்து செய்து பணம் வாங்க முடியாது. இணைக்கச் சொல்லி உங்களிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள். கவுன்டரில் நீங்களாகக் கேட்க வேண்டும்: "முதல் டிக்கெட்டோட பிஎன்ஆர் இது, இதோட சேர்த்து இணைப்புப் பயணமாப் போடுங்க." ஆன்லைனில் எடுத்தால், ஐஆர்சிடிசி தளத்தில் இணைப்புப் பயணத்துக்கென்று உள்ள வழியில் முதல் பிஎன்ஆரைக் கொடுத்து இரண்டாவதை எடுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இணைப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் பெயர். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் "எஸ். முருகன்", மற்றதில் "முருகன் எஸ்" என்று இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். முதல் டிக்கெட்டில் நான்கு பேர், இரண்டாவதில் பாட்டியையும் சேர்த்து ஐந்து பேர் என்று எடுத்தாலும் அப்படித்தான். நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுகிறவர்களும் உண்டு, பின்னால் போடுகிறவர்களும் உண்டு. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டிலும் எழுதுங்கள். வயதையும் ஒன்றாகவே போடுங்கள்.

அடுத்தது நிலையம், எழும்பூர்–சென்ட்ரல் பயணிகளை அதிகம் படுத்துவது இதுதான். முதல் டிக்கெட் எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் இரண்டாவது டிக்கெட் தொடங்க வேண்டும் என்பது விதியின் அடிப்படை. கணினிக்குத் தெரிவதெல்லாம் நிலையக் குறியீடு. எழும்பூருக்கு எம்எஸ், சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எழும்பூர் என்று நினைத்து சென்ட்ரலுக்கும், சென்ட்ரல் என்று நினைத்து எழும்பூருக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் ரயில் எழும்பூரிலும் அடுத்தது சென்ட்ரலிலும் என்றால், இணைப்பு ஏறிவிட்டது என்று திரையில் கண்ணால் பார்க்கும்வரை நம்பாதீர்கள். கவுன்டர் ஊழியர் "ஆயிடும்" என்று சொன்னால் போதாது. இணைப்பு ஏறவில்லை என்றால் உங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று எடுத்துக்கொண்டு, வேறு ரயிலைப் பாருங்கள்.

வேறு ரயில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து டெல்லி வழியே போகும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் எழும்பூர் வழியாகவே வடக்கே போகின்றன, இறங்கவே வேண்டாம். இவை தினசரி ரயில்கள் அல்ல, அதனால் நாளைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஹைதராபாத்துக்கு சார்மினார் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் கிளம்பி எழும்பூர் வழியாகப் போகிறது. அதற்குத் தென்பக்கத்து ரயிலில் வந்து தாம்பரத்திலேயோ எழும்பூரிலேயோ மாறிவிடலாம். நிலையம் ஒன்று என்பதால் இணைப்பும் சுலபமாக ஏறும். மும்பை, பெங்களூரு பக்கம் போகிறவர்கள் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போய் மாற முடியுமா என்றும் பாருங்கள். வயதானவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் வைத்துக்கொண்டு சென்னை நகரத்தைக் கடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, காத்திருப்புப் பட்டியல். முதல் டிக்கெட் கடைசிவரை காத்திருப்பிலேயே இருந்தால், ஆன்லைன் டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிவிடும். இரண்டாவது டிக்கெட் ரத்தாகாது. அது உறுதியான டிக்கெட்டாக சென்ட்ரலில் உங்களுக்காகக் காத்திருக்கும், நீங்கள் திருநெல்வேலியில் இருப்பீர்கள். இந்த விதி ரயில் தாமதத்துக்கு மட்டும்தான், இடம் கிடைக்காததற்கு அல்ல. முதல் டிக்கெட் ஊசலாடினால், இரண்டாவதை ரத்து செய்வதா வேண்டாமா என்று அதன் சார்ட் வருவதற்கு முன்பே முடிவெடுங்கள். நேரம் ஆக ஆகப் பிடித்தம் கூடும்.

இனி, ரயில் தவறியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரம்தான் உங்களுக்கு இருக்கிறது. கவுன்டர் டிக்கெட் என்றால் அதற்குள் மாறும் நிலையத்தில் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். ஆன்லைன் டிக்கெட் என்றால் அதற்குள் ஐஆர்சிடிசி கணக்கில் டிடிஆர் பதிவு செய்ய வேண்டும், அதாவது பணம் திருப்பிக் கேட்கும் மனு. கவுன்டரில் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தர மாட்டார்கள், எவ்வளவு நேரம் நின்றாலும்.

பட்டாளத்தில் இருக்கும் மகனைப் பார்க்க ஜபல்பூர் கிளம்பிய வயதான தம்பதி ஒருவர் ஒரு நிலையத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். விசாரணை கவுன்டரில் "ரிசர்வேஷன்ல கேளுங்க" என்றார்கள். ரிசர்வேஷனில் "ஸ்டேஷன் மாஸ்டரப் பாருங்க" என்றார்கள். அங்கே போனால், "ஆன்லைன் டிக்கெட்டா? அது எங்களுக்குச் சம்பந்தமில்லைங்க ஐயா" என்றார்கள். டிடிஆர் என்ற சொல்லை அந்தப் பெரியவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கடைசியில் பக்கத்திலிருந்த ஒரு கல்லூரிப் பையன் சொன்னபோது மூன்று மணி நேரம் முடிந்திருந்தது.

அவர் டிக்கெட் எடுத்தது ஊர் பிரவுசிங் சென்டரில். இது தனியாகவே ஒரு கண்ணி. எந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்தார்களோ அந்தக் கணக்கில் நுழைந்துதான் டிடிஆர் போட முடியும். கடைக்காரர் இரவு கடையை மூடிவிட்டுப் போயிருப்பார், பணம் திரும்பி வந்தாலும் கட்டியவர் கணக்குக்குத்தான் போகும். தனிநபர் கணக்கில் டிக்கெட் எடுத்து விற்பது சட்டப்படி குற்றமும்கூட. வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரில் கணக்கு தொடங்கி, இரண்டு டிக்கெட்டையும் அதிலேயே எடுங்கள். ஊரில் இருக்கும் அந்தப் பிள்ளையே டிடிஆர் போட்டுவிடலாம், நீங்கள் நிலையத்தில் அலைய வேண்டாம்.

இன்னொரு தவறான பதிலும் அடிக்கடி காதில் விழும்: "மூணு மணி நேரம் லேட் ஆனாத்தான் பணம்." அது வேறு விதி. நீங்கள் ஏற வேண்டிய ரயிலே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் அதில் போகவில்லை என்றால் முழுப் பணம் கேட்பதற்கான விதி அது. அதற்கு அந்த ரயில் கிளம்புவதற்குள் டிடிஆர் போட வேண்டும். இணைப்பு டிக்கெட்டில் தாமதத்துக்கு இப்படி ஒரு குறைந்தபட்ச அளவு கிடையாது. ஒரு மணி நேரத் தாமதத்தால் ரயில் தவறினாலும் தவறியதுதான். இரண்டு விதியிலும் மூன்று மணி நேரம் வருவதால் உள்ளே இருப்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள், நஷ்டம் உங்களுக்கு.

நிலையம் மாறுபவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு ஆபத்து. எழும்பூருக்கு ரயில் 9.40-க்கு வந்தது, சென்ட்ரலில் அடுத்த ரயில் 10 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் மூட்டையோடு போய்ச் சேர முடியாது என்று யாருக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் முதல் ரயில் வந்தபோது இரண்டாவது ரயில் கிளம்பவில்லை. "நேரம் இருந்ததே" என்ற வாதம் ரயில்வே பக்கமிருந்து வரலாம். இரண்டு ரயிலுக்கும் நடுவே ஆறு மணி நேரமாவது இருக்கும்படி எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அகாலத்தில் வந்து அதிகாலையில் ஏறுவதாக இருந்தால் இன்னும் கூடுதலாக. சில நேரம் எழும்பூர் வர வேண்டிய ரயிலைப் பராமரிப்பு வேலைக்காகத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அதையும் பார்த்துவிடுங்கள்.

பணம் திரும்பினாலும் டிக்கெட் பணம் மட்டும்தான் வரும். ஆன்லைனில் பிடித்த சேவைக் கட்டணம் வராது. அடுத்த ரயிலில் இடம் தர மாட்டார்கள், தங்கும் செலவும் தர மாட்டார்கள். டிடிஆர் போட்ட பணம் உடனே வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அங்கே இங்கே என்று கோப்பு நகர்ந்து வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதனால் ரயில் இறங்கியதுமே ரயில்கள் ஓடும் நேரத்தைக் காட்டும் என்டிஇஎஸ் செயலியில் முதல் ரயில் வந்த நேரத்தைத் திரையோடு படம் பிடித்து வையுங்கள். டிடிஆர் எண்ணையும் எழுதி வையுங்கள். ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்தோ 'ரயில் மதத்' என்ற புகார் செயலியிலோ ஒரு புகாரும் பதிவு செய்யுங்கள். புகார் எண் இருந்தால், பிறகு யாரும் "நீங்க அப்பவே சொல்லலையே" என்று கேட்க முடியாது.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மெட்ரோவில் எழும்பூருக்கு அடுத்த நிலையமே சென்ட்ரல், லிஃப்ட் இருப்பதால் பெரியவர்களுக்கு அதுதான் நல்லது. மெட்ரோ இல்லாத நேரத்தில் கடற்கரை பக்கம் போகும் மின்சார ரயிலில் ஒரே ஒரு நிலையம், பூங்கா. இறங்கி சுரங்கப்பாதை வழியே சாலையைக் கடந்தால் சென்ட்ரல். அதற்கு 5 ரூபாய் டிக்கெட் தனியாக எடுத்துவிடுங்கள். கையில் எக்ஸ்பிரஸ் டிக்கெட் இருக்கிறதே என்று ஏறிப் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய், வாதாடுவதில் அடுத்த ரயிலும் போய்விடும். சென்ட்ரலுக்குள் நுழைந்ததும் எந்தக் கட்டடம் என்று பார்த்துப் போங்கள். பக்கத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகம் புறநகர் ரயில்களுக்கானது, அவசரத்தில் அங்கே போய் நிற்பவர்கள் உண்டு.

டிக்கெட் பணத்தைத் தாண்டிய இழப்புக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அஜ்மீரிலிருந்து வந்த ரயில் ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாக வந்ததால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு ஆணையம் தந்த இழப்பீட்டை, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாமதத்துக்குத் தங்கள் கையில் இல்லாத காரணம் இருந்தது என்று ரயில்வே நிரூபிக்க வேண்டும், நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். லாட்ஜ் ரசீது, புதிதாக எடுத்த டிக்கெட், டிடிஆர் எண், செயலித் திரையைப் பிடித்த அந்தப் படம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். மனுவோடு இணைக்க வேண்டியவை அவைதான்.