மஞ்சள் கடுதாசி, திவால், நொடிப்பு: ஒரு சொல் விளக்கம்

"அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டாராமே" என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பினால் போதும். கைமாற்று தந்தவர், சரக்கைக் கடனுக்கு இறக்கியவர், சீட்டுக்கு ஜாமீன் நின்றவர் என எல்லார் வயிற்றிலும் புளி கரையும். இதையே 'ஐ.பி. கொடுத்துட்டார்' என்றும் சொல்வார்கள். ஐ.பி. என்பது 'இன்சால்வென்சி பெட்டிஷன்' என்பதன் சுருக்கம்; கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் மனு. கோர்ட்டில் அந்த மனுவின் எண்ணும் ஐ.பி. என்றே தொடங்கும். நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்ததால் மஞ்சள் கடுதாசி ஆயிற்று என்பது வழக்கு. தாள் வெளுத்த பிறகும் பெயர் வெளுக்கவில்லை.

'திவால்' நமக்கு வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியில் 'திவாலா'. கைவிரித்த வணிகர் பட்டப்பகலில் கடை வாசலில் விளக்கேற்றி வைப்பார், அந்த விளக்கிலிருந்து பிறந்த சொல் இது என்று இந்தி அகராதி விளக்கம் சொல்கிறது. 'இன்சால்வென்ட்' என்பதன் வேர் லத்தீனில் அவிழ்த்தலைக் குறிப்பது. கடனை அவிழ்க்க முடியாதவர் என்று பொருள். (நாம் கடனைக் கட்டுகிறோம், அவர்கள் அவிழ்க்கிறார்கள்!) இலங்கைத் தமிழில் 'வங்குரோத்து' என்பார்கள். 2022இல் அந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோது அங்கே அதிகம் அடிபட்ட சொல் அது. அதன் மூலம் இத்தாலிய 'பங்கா ரோட்டா', அதாவது உடைந்த பலகை. நாணயம் மாற்றுபவர் உட்கார்ந்து தொழில் செய்த பலகை அது.

தமிழில் இதற்கு நேரான சொல் தேடி அலைய வேண்டாம். 'நொடிச்சுப் போயிட்டான்' என்று ஊரில் சொல்வதுதான். சட்டத் தமிழும் இதை ஒட்டியே நொடிப்பு நிலை, நொடித்தவர் என்கிறது. 'ஓட்டாண்டி', 'போண்டி' ஆகியவற்றில் ஏளனம் இருக்கிறது. நொடிப்பில் அது இல்லை. நிலைமையை மட்டும் சொல்கிறது. எழுத்தில் இதையே ஆளலாம்.

ஆனால் குழப்பம் பெயர்ச்சொல்லில் இல்லை, 'கொடுத்துட்டார்' என்ற வினையில் இருக்கிறது. கடுதாசி கொடுத்ததும் கடன் தீர்ந்தது என்று கொடுத்தவரும் நம்புகிறார், கடன்காரரும் (கடன் தந்தவரும்) பயப்படுகிறார். சட்டப்படி நொடிப்பு நிலை வேறு, மனு வேறு, நொடித்தவர் என்ற ஆணை வேறு, கடைசியில் கிடைக்கும் விடுவிப்பு வேறு. கடன் நீங்குவது விடுவிப்பில்தான்.

2016ஆம் ஆண்டு வந்த நொடிப்பு, திவால் நெறித்தொகுப்பில் தனிநபர் பகுதி இதுவரை கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதுவும் 2019 டிசம்பர் 1 முதல். மற்ற குடும்பங்களுக்குப் பழைய சட்டங்களே. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். சென்னைக்குள் உயர் நீதிமன்றம். வெளியூர்களில் மாவட்ட நீதிமன்றம் அல்லது அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றம்.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடனைக் கட்ட முடியாதவரின் மொத்தக் கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம். நூறாண்டுக்கு முந்தைய ஐந்நூறு அது. இன்று யாரும் கேட்டால் சிரிப்பார்கள். மனுவில் கடன்காரர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, தன் சொத்து முழுவதும், அதன் மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். கெடுவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான். மாமனாரிடம் வாங்கியதை விட்டுவிடுவது, மனைவி பெயரில் வீட்டை மாற்றிவிட்டு மனுப் போடுவது. மாற்றி 2 ஆண்டுக்குள் மனு வந்து நொடித்தவர் என்ற ஆணையும் பிறந்தால், தானமாகவோ பேருக்கு ஒரு விலை போட்டோ செய்த அந்த மாற்றத்தை ரிசீவர் (நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) கேட்டு ரத்து செய்ய வைக்கலாம். பல கடன்காரர் இருக்க ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியதற்கு இந்தக் கெடு 3 மாதம். இன்னொரு வேடிக்கை: 'இனி என்னால் கட்ட முடியாது' என்று கடன்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவதே சட்டத்தில் ஒரு நொடிப்புச் செயல். அதைப் பிடித்துக்கொண்டு கடன்காரரே 3 மாதத்துக்குள் மனுப் போடலாம்.

ஆணை பிறந்ததும் சொத்து நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ போய்விடும். கடன்காரர் நீதிமன்ற அனுமதியின்றித் தனியே வழக்குத் தொடர முடியாது. கட்டிய துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழிலாளியின் கருவி ஆகியவற்றில் கைவைக்க முடியாது; ஜப்தியில் தப்பும் அதே பொருள்கள் இங்கும் தப்பும். அடமானம் வாங்கிய வங்கியை மட்டும் இந்த ஆணை தடுக்காது. வீட்டுக் கடனிலிருந்து வீட்டைக் காப்பாற்ற ஐ.பி. போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆணையில் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு கெடு குறித்திருக்கும். அதைத் தவறவிட்டால் ஆணையே ரத்தாகலாம்; கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வருவார்கள். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை நீங்காது. ஜாமீன்தாரரும் விடுபட மாட்டார். விடுவிப்புக்கு முன் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை உண்டு.

நொடித்த நிலையில் தந்தை இறந்தால் பிள்ளையும் நொடித்தவர் ஆவதில்லை. தந்தை சொத்தில் கைக்கு வந்த அளவுக்கே பிள்ளை பொறுப்பு. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்ட வாதத்தை மட்டும் வைத்து, 2005 செப்டம்பர் 9க்குப் பின் வாங்கிய கடனுக்கு மகன்மேல் வழக்குத் தொடர முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு; அந்தக் கடன் அவருடையதேதான்.