ஆக்சிஜனை விடாத உலோகம்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் மோனசைட் என்ற கனிமத் துகள் லேசில் அழியாது. மலைப்பாறைகள் மக்கி மண்ணாகிப் போனபோதும் அது மக்கவில்லை. ஆற்றோடு உருண்டு கடலுக்குப் போய், அலையடித்துத் திரும்பக் கரையில் ஒதுங்கிய பிறகும் அப்படியே இருக்கிறது. சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் அதற்குள் பாஸ்பேட்டின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி சாதாரணமானதல்ல.

அந்தப் பிடியை உடைத்து, ஆக்சிஜன் இருந்த இடத்தில் கார்பனை உட்கார வைத்தால் கிடைப்பவைதான் அருமண் கரிம உலோகச் சேர்மங்கள். மோனசைட் எவ்வளவு உறுதியோ, இவை அவ்வளவு நொய்மையானவை. ஈரக்காற்று பட்டாலே கெட்டுவிடும். உலோகம் கார்பனை உதறிவிட்டு ஆக்சிஜனிடம் ஓடுகிறது. இவற்றைக் கையாள்வதில் உள்ள அத்தனை தொல்லைக்கும், இவற்றால் கிடைக்கும் பயன்களில் பாதிக்கும் அந்த ஓட்டமே காரணம்.

முதலில் மணல். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்குச் சங்கு, சோழியோடு பல நிற மணலைப் பொட்டலமாகக் கட்டி விற்பார்கள். பகவதியம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசிதான் மணலாகிவிட்டது என்று கதை. அந்தப் பொட்டலத்தில் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். மோனசைட் மஞ்சளும் பழுப்பும் கலந்த துகள். சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65, மோனசைட்டினுடையது 5 அளவில் இருக்கும். மழைக்காலக் கடல் லேசான மணலை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. மணவாளக்குறிச்சியில் இயங்கும் மத்திய அரசின் மணல் ஆலை, அலை தொடங்கிய இந்த வேலையைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் முடித்து வைக்கிறது. இல்மனைட் மின்சாரத்தைக் கடத்தும், மோனசைட் கடத்தாது. சிர்கானும் கடத்தாது, ஆனால் சிர்கானைக் காந்தம் இழுக்காது, மோனசைட்டை லேசாக இழுக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் பிரிந்து விழுகின்றன.

இந்த மணலை உலகம் கண்டுகொண்டது விளக்குக்காக. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல், அதுவரை ஒரே தனிமம் என்று நம்பப்பட்டு வந்த டிடிமியத்தைப் பிரித்து, அது நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்ந்தது என்று காட்டினார். அதே மனிதர் 1891-இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டு எரிவாயு விளக்குக்கான வலையைச் செய்தார். கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்த தலைமுறைக்கு அந்த மேண்டில் நினைவிருக்கும். முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய் ஆக்சைடு மட்டும் வலையாக நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் தோரியத்துக்காக மோனசைட்டைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் மணல் தொழில் தொடங்கியது அப்படித்தான். அப்போது தோரியம்தான் சரக்கு, நியோடிமியம் கழிவு. இப்போது நியோடிமியத்துக்குத்தான் கிராக்கி. தோரியம் சேமிப்பில் காத்திருக்கிறது. மணல் எடுப்பதைக் குறித்துக் கடலோர ஊர்களில் இருக்கும் கதிரியக்க அச்சமும் எதிர்ப்பும் இந்தத் தோரியத்தோடு சேர்ந்தே வருபவை. வேதியியல் கட்டுரையின் ஒரு பத்தியில் அதைத் தீர்த்துவிட முடியாது.

இந்திய மோனசைட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் அருமண் ஆக்சைடுகள்; 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு. மாவாக அரைத்து, அடர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்தால் பாஸ்பேட் தனியே பிரிந்துவிடும். அருமண் தனிமங்களும் தோரியமும் ஹைட்ராக்சைடுகளாக நிற்கும். பிறகு அமிலத்தில் கரைத்து, கரைப்பான்களுக்கு மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். குணத்தில் ஒன்றையொன்று உரித்து வைத்த தனிமங்கள் இவை என்பதால் இது நெடிய வேலை.

கடைசியில் கையில் கிடைப்பது நீரேறிய குளோரைடு உப்பு. கார்பனை ஒட்ட வைக்க வேண்டுமென்றால் அந்த நீரை ஒட்ட எடுத்தாக வேண்டும். சூடாக்கினால் போய்விடாதா என்று தோன்றும். போகாது. சூடாக்கினால் நீரின் ஆக்சிஜனை உலோகம் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரின்தான் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். மிஞ்சுவது எதற்கும் உதவாத ஆக்சிகுளோரைடு. அம்மோனியம் குளோரைடை நிறையச் சேர்த்துச் சூடாக்குவது இதைத் தடுக்கும் பழைய வழி. சுற்றிலும் ஹைட்ரஜன் குளோரைடு நிறைந்திருப்பதால் உலோகத்தால் குளோரினைக் கைவிட முடிவதில்லை.

உலர்ந்த குளோரைடு கிடைத்துவிட்டால் மீதி வேலை எளிது. ஐந்து கார்பன்கள் கொண்ட வளையமான சைக்ளோபென்டாடையீனின் சோடியம் உப்பை டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் கரைத்து அதோடு சேர்க்க வேண்டும். மூன்று குளோரினுக்குப் பதில் மூன்று வளையங்கள் உலோகத்தில் வந்து ஒட்டும். சோடியம் குளோரைடு, அதாவது கறியுப்பு, அடியில் படியும். ஜெஃப்ரி வில்கின்சன், ஜே. எம். பர்மிங்காம் என்ற இரு வேதியியலாளர்கள் 1954-இல் இப்படித்தான் முதல் அருமண் கரிம உலோகச் சேர்மங்களைச் செய்தார்கள். வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இவை பதங்கமாகிக் கண்ணாடிக் குழாயின் குளிர்ந்த பகுதியில் படிகங்களாகப் படியும். சமாரியம் சேர்மம் ஆரஞ்சு, எர்பியம் இளஞ்சிவப்பு, இட்டெர்பியம் கரும்பச்சை. கண்ணுக்கு அழகுதான், ஆனால் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகத்தான் தொட முடியும். குழாயைத் திறந்து வைத்தால் நிறம் போய் ஹைட்ராக்சைடு தூளும், சைக்ளோபென்டாடையீனின் காரமான நெடியும்தான் மிச்சம்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1951-இல் வெளியான ஃபெரோசீனும் இதே வளையங்கள் கொண்டதுதான். நடுவில் இரும்பு. அது காற்றில் கிடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. வளையம் ஒன்றுதான், உலோகம் மாறினால் ஏன் இந்த வித்தியாசம்?

இரும்பு தன் வெளிப்புற எலக்ட்ரான்களை வளையத்தோடு பகிர்ந்துகொள்கிறது. அருமண் உலோகங்களைத் தனித்தனியாக அடையாளம் காட்டும் 4எஃப் எலக்ட்ரான்களோ பலாச்சுளைக்குள் கொட்டையைப் போல உள்ளே அடங்கியிருக்கின்றன. வெளியே யார் வந்து தொட்டாலும் அவற்றை எட்ட முடியாது. ஆகவே உலோகம் மூன்று நேர்மின்சுமை கொண்ட ஒரு பெரிய உருண்டையாகவே நடந்துகொள்கிறது. எதிர்மின்சுமை கொண்ட வளையங்கள் மின்கவர்ச்சியால் மட்டும் ஒட்டி நிற்கின்றன. இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. மூவளைய அருமண் சேர்மத்தோடு ஃபெரஸ் குளோரைடைச் சேர்த்தால் வளையங்கள் தயங்காமல் இரும்பிடம் போய் ஃபெரோசீனாகிவிடும். பகிர்வே இல்லாத உறவு அது.

அந்த உருண்டையின் அளவும் முக்கியம். லாந்தனம் அயனியின் ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம். வரிசையில் ஒவ்வொரு தனிமமாகப் போகப் போகச் சுருங்கி, கடைசியில் நிற்கும் லுட்டீசியத்தில் 0.86 ஆகிறது. பெரிய அயனியைச் சுற்றி மூன்று வளையங்கள் நின்றாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும். அந்த இடத்தில் கரைப்பானோ, பக்கத்து மூலக்கூறின் வளையமோ, ஒரு வாயுவோ வந்து உட்காரலாம். வினையூக்கிக்கு வேண்டியதும் அதுதான்: மூலப்பொருள் வந்து உட்கார ஓர் இடம், எளிதில் பிரியும் ஒரு கார்பன் பிணைப்பு.

இதில் பெரிய அளவில் தொழிலுக்கு வந்தது நியோடிமியம். அதன் வேலையைப் புரிந்துகொள்ளக் குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கம் போவது நல்லது. அங்கே விடிவதற்கு முன் பட்டையைச் சீவி, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிக்கிறார்கள். அந்த ஷீட்டில் இருப்பது ஐசோப்ரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒவ்வொரு அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சங்கிலி அந்தப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடர்ந்தால் சிஸ். எதிரெதிர்ப் பக்கமாகத் தொடர்ந்தால் டிரான்ஸ். முழுவதும் சிஸ் ஆக இருந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். டிரான்ஸ் ஆக இருந்தால் அதே அலகுகள் கட்டாபர்ச்சா என்ற கெட்டியான பொருளாகிவிடும். ரப்பர் மரத்தின் நொதிகள் ஏறக்குறைய பிசகே இல்லாமல் சிஸ் கோக்கின்றன.

ஆலையில் ஐசோப்ரீனைப் போன்ற பியூட்டாடையீன் என்ற சிறு அலகைக் கோத்துச் செயற்கை ரப்பர் செய்யும்போது இந்தத் துல்லியத்தை எட்டுவதுதான் கஷ்டம். லித்தியத்தை வைத்துக் கோத்தால் சிஸ் 40 சதவீத அளவில் நின்றுவிடும். நியோடிமியம் வைத்தால் 98 சதவீதம். 1960களில் சீன வேதியியலாளர்கள் அருமண் வினையூக்கிகளை இதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1980களில் அது வணிக உற்பத்திக்கு வந்தது.

ஆலைக்கு வரும் நியோடிமியத்தைக் கரிம உலோகச் சேர்மம் என்று சொல்ல முடியாது. ஹெக்சேனில் கரையும் ஒரு கரிம அமில உப்பாக, அதாவது ஆக்சிஜனைப் பிடித்தபடியேதான் வருகிறது. கலத்துக்குள் அதோடு ஓர் அலுமினிய ஆல்கைலைச் சேர்க்கிறார்கள். தானும் ஆக்சிஜன் மீது ஆசை மிகுந்த அலுமினியம் அந்த அமிலத்தை வாங்கிக்கொண்டு தன் கார்பன் குழுவை நியோடிமியத்துக்குக் கொடுக்கிறது. கொஞ்சம் குளோரைடும் சேர்த்தால் உலோகத்தின் எலக்ட்ரான் பற்றாக்குறை கூடுகிறது. வினையூக்கி தயார், அது பிறப்பதும் வேலை செய்வதும் அந்தக் கலத்துக்குள்ளேயே. இனி பியூட்டாடையீன் வரும்போது, நியோடிமியம் பெரியது என்பதால் அதன் இரண்டு இரட்டைப் பிணைப்புகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடிகிறது. இரண்டு முனையும் ஒரே பக்கம் மடங்கினால்தான் இரண்டையும் பிடிக்க முடியும். மடங்கிய நிலையிலேயே அது உலோகத்துக்கும் சங்கிலிக்கும் இடையில் நுழைந்து சேர்ந்துவிடுகிறது. அந்த மடிப்புதான் சிஸ். அடுத்தது வருகிறது, அதுவும் அப்படியே மடங்கிச் சேருகிறது.

ஏன் நியோடிமியம்? சமாரியமும் யூரோப்பியமும் அளவில் பக்கத்திலேயே இருந்தும் இந்த வேலைக்குச் சரிப்படுவதில்லை. அலுமினிய ஆல்கைல் அவற்றை +3 மின்சுமை நிலையிலிருந்து +2 நிலைக்கு இறக்கிவிடுகிறது. நியோடிமியம் +3 நிலையில் உறுதியாக நிற்கும். இன்னொரு லாபமும் இதில் உண்டு. கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்கள் ரப்பரில் துளி தங்கினாலும், நிலை மாறி நிலை மாறி, காற்றில் ரப்பர் கெடுவதைத் துரிதப்படுத்தும். நிலை மாறாத நியோடிமியம் உள்ளேயே தங்கிவிட்டாலும் தொந்தரவில்லை. வினையை நிறுத்தவோ, கொஞ்சம் தண்ணீரோ ஆல்கஹாலோ விட்டால் போதும். உலோகம் கார்பனை உதறிவிட்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கிடைக்கும் ரப்பர் இழுக்கும்போது உள்ளே படிகமாகி இறுகும். அதனால் தேய்மானமும் விரிசலும் குறைவு. டயரில் இதை இயற்கை ரப்பரோடு கலந்து பயன்படுத்துகிறார்கள். ரப்பர் விலை சரிகிற நாட்களில் குமரித் தோட்டக்காரர்கள் செயற்கை ரப்பரை ஏசுவது வழக்கம். டயருக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

ஆக்சிஜன் மீதான இந்த ஆசையை நேரடியாகவே வேலை வாங்குவது மின்னணுச் சில்லுத் துறை. சிலிக்கான் மேல் மிக மெல்லிய லாந்தனம் ஆக்சைடு படலம் போட, லாந்தனத்தின் மூவளையச் சேர்மத்தை ஆவியாக்கி அனுப்புகிறார்கள். அது மேற்பரப்பில் ஓர் அடுக்கு ஒட்டிக்கொண்டதும் நீராவியை அனுப்புகிறார்கள். வளையங்கள் கழன்று வாயுவாகப் போக, ஆக்சைடு தங்குகிறது. மறுபடி ஓர் அடுக்கு. ஆய்வகத்தில் எதற்குப் பயந்து ஆர்கான் பெட்டி வைத்தோமோ அதுவே இங்கே உற்பத்தி முறை. சாதாரண வளையங்கள் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு எளிதில் ஆவியாக மறுப்பதால், வளையத்தில் ஐசோபுரோப்பைல் கிளைகளைப் பொருத்தி அவற்றை விலக்கி வைக்கிறார்கள்.

தொழிலுக்கு வராத, ஆனால் வேதியியலாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த வினைகளும் உண்டு. மீத்தேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு எதற்கும் மசியாது என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் பட்ரிசியா வாட்சன் 1983-இல், இரு வளைய லுட்டீசியத்தில் ஒட்டியிருந்த மெத்தில் குழு வெளியே இருக்கும் மீத்தேனோடு இடம் மாற்றிக்கொள்கிறது என்று காட்டினார். 1988-இல் வில்லியம் எவன்ஸ் குழு, இரண்டு சமாரியம் அணுக்கள் நடுவில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் சேர்மத்தை வெளியிட்டது.

சீரியத்துக்கு வருவோம். நம் மணலின் அருமண் ஆக்சைடில் ஏறக்குறைய பாதி அதுதான். நியோடிமியம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. காந்தத்துக்கும் வினையூக்கிக்கும் நியோடிமியம் வேண்டுமென்று மோனசைட்டை உடைத்தால், கேட்காமலேயே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சீரியம் வந்து குவியும். அருமண் தொழிலின் உண்மையான தலைவலி பற்றாக்குறை அல்ல, இந்த உபரிதான் என்பது என் கருத்து. கரிம உலோக வேதியியலில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜப்பானின் சுனேயோ இமமோட்டோ 1980களில், உலர்ந்த சீரியம் குளோரைடோடு கரிம லித்தியத்தைக் குளிர்நிலையில் சேர்த்தால் கிடைக்கும் கரிமச் சீரியத்தைப் பயன்படுத்திக் காட்டினார். கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கீட்டோன்களோடு வினைபுரியும்போது லித்தியம் சேர்மம் பல நேரங்களில் பக்கத்து ஹைட்ரஜனைப் பறித்து வினையைக் கெடுத்துவிடும். சீரியம் சேர்மமோ கீட்டோனின் ஆக்சிஜனை உலோகத்தால் பிடித்துக்கொண்டு கார்பனைச் சரியான இடத்தில் சேர்க்கிறது. சிக்கலான மருந்து மூலக்கூறுகளைக் கட்டுகிறவர்கள் இதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அளவுதான் இடிக்கிறது: ஆய்வகக் குடுவைகளுக்குக் கிராமும் கிலோவும் போதும், மோனசைட் சீரியத்தைத் தருவதோ டன் கணக்கில்.