அப்பத்தாவின் கன்னம் ஏன் வெடித்தது?

கொடைக்கானலில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, என் அப்பத்தாவின் முகத்தைப் பேரிக்காய்க் கட்டையில் செதுக்கினேன். நிஜ அளவில் மூன்றில் ஒரு பங்கு, தலை மட்டும் ஏழரை செ.மீ. உயரம். தண்டட்டி போட்டு நீண்டு தொங்கிய காது, வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும் இடது புருவம் என்று ஒவ்வொன்றாக அமைந்து வந்தது. தை மாதம் மதுரைக்குக் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்தேன். சித்திரையில் போன் வந்தது. வகிட்டில் ஆரம்பித்து நெற்றி வழியாக இடது கன்னம் வரைக்கும் வெடிப்பு, நகம் நுழையும் அகலத்துக்கு.

எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கித் திருப்பி, பின்மண்டையை விரலால் தட்டிப் பார்த்தார். "தலையைக் குடையாம விட்டுட்டியா தம்பி?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குள் மரத்தின் அறிவியல் நிறைய இருக்கிறது.

மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி, நெடுக அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும். குழாயின் உள்ளே கொஞ்சம், குழாயின் சுவருக்குள் ஊறியபடி கொஞ்சம். வெட்டிப் போட்டதும் முதலில் உள்ளே நிற்கும் தண்ணீர்தான் போகிறது, அப்போது கட்டையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம், காய்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவரில் ஊறிய நீர் கிளம்புகிறது. சுருக்கம் அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. நெடுக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, 0.1 சதவீதம் அளவுதான். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில், முழுக்கக் காய்வதற்குள், பல மரங்கள் ஏறத்தாழ 4 சதவீதம் சுருங்கும். ஆண்டு வளையத்தைச் சுற்றிப் போகும் திசையில் அதைப்போல இரண்டு மடங்கு, 8 சதவீதம். இதை ஒரு உருண்டைக் கட்டையில் பொருத்திப் பாருங்கள். 20 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 63 செ.மீ. அது 8 சதவீதம் சுருங்கி 58 ஆக வேண்டும், ஆனால் ஆரம் 4 சதவீதம் மட்டுமே சுருங்குவதால் வட்டத்தை மூட 60 செ.மீ.க்கு மேல் வேண்டியிருக்கிறது. பற்றாக்குறை 2 செ.மீ.க்கும் அதிகம். அந்த இரண்டு செ.மீ. எங்கிருந்து வரும்? மரம் வாய் பிளந்துதான் ஆக வேண்டும். ஒரே பிளவாகவோ பல கீறலாகவோ, பட்டையிலிருந்து நடுத்தண்டை நோக்கி வெடிக்கும். நடுத்தண்டு உள்ளே இருக்கும் கட்டையில் முகம் செதுக்கினால் அந்தப் பிளவு முகத்தில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. என் கட்டையில் நடுத்தண்டு அப்பத்தாவின் இடது காதுக்குப் பின்னால் இருந்தது. மரம் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பி விட்டுவிட்டேன்.

காய்ந்துதான் இருந்தது, ஆனால் கொடைக்கானல் அளவுக்கு. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் தன் ஈரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும், வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும். பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஐப்பசி, கார்த்திகையில், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் 20 சதவீதம் ஈரம் தங்கும். காற்று 40 சதவீதத்துக்குக் காய்ந்தால் அதே மரம் 8 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். 2,100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டு ரோடு வழியாக மதுரை வெயிலுக்கு இறங்குகிற பொம்மைக்கு, 6 செ.மீ. அகல முகத்தில் இது சுமார் 2 மி.மீ. சுருக்கம். வார்னிஷ் அடித்திருந்தேனே என்று ஆசாரியிடம் கேட்டேன். வார்னிஷ் ஈரம் போகும் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

சரி, குடைவதால் என்ன ஆகிறது? திண்ணென்ற தலையில் வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈர மரம் விட்டுக்கொடுக்காது, இழுபறியில் வெளித்தோல் கிழியும். பின்பக்கமாகக் குடைந்து ஒரு செ.மீ. சுவர் மட்டும் விட்டால் உள்ளும் புறமும் சேர்ந்தே காயும். நடுத்தண்டும் சிராயாக வெளியே போய்விடும்.

ஜப்பானியச் சிற்பிகள் இதில் கைதேர்ந்தவர்கள். கியோட்டோவுக்குப் பக்கத்தில் பியோதோயின் கோயிலில் ஜோச்சோ என்ற சிற்பி 1053-ல் முடித்த பெரிய அமிதா புத்தர், பல கட்டைகளைக் குடைந்து சேர்த்துச் செய்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது, வெடிக்காமல் இருக்கக் குடைந்த அதே வெற்றிடத்தை அவர்கள் 12-ஆம் நூற்றாண்டில் கண்ணுக்குப் பயன்படுத்திய விதம். கண் இருக்கும் இடத்தில் துளை போட்டு, தலையின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய ஸ்படிகத்தைப் பொருத்துவார்கள். கண்பாப்பா ஸ்படிகத்தின் பின்புறம் வரைந்திருக்கும், அதற்குப் பின்னால் வெள்ளைக் காகிதம். விளக்கொளி பட்டால் கண் ஈரமாகத் தெரியும்.

நம் பொம்மைக்கு ஸ்படிகம் வேண்டியதில்லை, ஆனால் கண் ஒரு உருண்டை என்பதை உளி மறக்கக் கூடாது. பெரியவர்களின் கண்விழி 24 மி.மீ. விட்டம், மூன்றில் ஒரு பங்கு என்றால் 8 மி.மீ. முதலில் அந்த உருண்டையைச் செதுக்கிவிட்டு, அதன்மேல் இமைகளைப் போர்த்த வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மேல் இமை கீழ் இமையைவிட ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது, அந்த மயிரிழை விளிம்பு விழிமேல் நிழல் போடுகிறது, பார்வை வருவது அந்த நிழலில்தான். உப்புத்தாளை அங்கே ஒரு இழுப்பு அதிகம் தேய்த்தால் போதும், நிழல் போய்விடும், முகம் வெறும் முட்டை. அதனால் நான் இமை ஓரத்தில் உளியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேரிக்காய் மரம் இதற்கு ஏற்றது. துளைகள் மிக நுண்ணியவை, வளையங்கள் மங்கலானவை, ஒரு மி.மீ. விளிம்பும் உதிராமல் நிற்கும். மலையில் பைன் ஏராளமாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் வளையங்களின் வெளிர் வரியும் கரு வரியும் மூக்கு நுனியில் வட்டவட்டமாக வந்து விழும், முகத்தைப் பார்க்க விடாது.

இரண்டாவது அப்பத்தாவை நடுத்தண்டு இல்லாத காற்பங்குக் கட்டையில் செய்தேன். தலையைக் குடைந்தேன், பின்னால் இருந்த ஓட்டையை மூடத் தனியாக ஒரு கொண்டை செதுக்கி வைத்தேன். அப்புறம் முதுகில், சேலைக்கு அடியில், நெடுக ஒரு ரம்ப வெட்டு, உடம்பு சுருங்கினால் பிளவு விழ அங்கே இடம் இருக்கட்டும் என்று. மதுரை அலமாரியில் மூன்று சித்திரை தாண்டிவிட்டது. போன மாதம் சேலையை விலக்கிப் பார்த்தேன். வெட்டு கொஞ்சம் அகன்றிருந்தது. கன்னத்தில் ஒன்றுமில்லை.