பேட்ச் நம்பரைப் பிடித்துக்கொண்டு போகும் ஆடிட்டர்

‘ஐஎஸ்ஓ 22000 என்ற உணவுப் பாதுகாப்புச் சான்று பெற்ற ஆலையில் தயாரானது’ என்று உணவுப் பாக்கெட்டில் போட்டிருந்தால், உள்ளே இருப்பதை யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தமா? ஒரு வாசகரின் கேள்வி இது. இல்லை என்பதுதான் பதில். அந்தச் சான்று ஆலை வேலை செய்யும் முறைக்குத் தரப்பட்டது, பாக்கெட்டுக்கு அல்ல.

ஏன் பாக்கெட்டையே சோதிக்கக் கூடாது? சோதித்த பாக்கெட்டை விற்க முடியாது, அதனால் சிலவற்றை மட்டும்தான் எடுக்க முடியும். நூறில் ஒரு பாக்கெட்டில் கிருமி இருக்கிறது, நாம் 60 பாக்கெட் எடுக்கிறோம் என்று வையுங்கள். அறுபதும் சுத்தமானவையாகவே கைக்கு வர 0.99-ஐ அறுபது முறை பெருக்க வேண்டும்: சுமார் 55 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேற்பட்ட தடவை ஏமாந்துபோவோம். ஆயிரத்தில் ஒன்று என்றால் 94 சதவீதம் ஏமாறுவோம்.

விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்களும் இதே கணக்கில்தான் முட்டிக்கொண்டார்கள். அப்போது பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கியதுதான் ‘ஹாசப்’ முறை. தவறு நடக்கக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டுபிடி, அங்கே வெப்பநிலை போன்ற ஓர் எல்லையை வை, அளந்து எழுதிக்கொண்டே இரு. அவ்வளவுதான். அப்புறம் அந்த எழுத்து உண்மையா என்று பார்க்க வெளியாள் வேண்டும். அதற்குச் சான்று நிறுவனம், அந்த நிறுவனத்தைப் பரிசோதிக்க அங்கீகார அமைப்பு என்று அடுக்கு மேலே போகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, சான்று நிறுவனம் அனுப்பும் அந்த வெளியாள், அதாவது ஆடிட்டர், நடத்தும் ஒரு சோதனை. அவர் கிடங்குக்குள் போய்த் தானே ஒரு பெட்டியை எடுப்பார். பேட்ச் நம்பரை, அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்குக்கு இட்ட எண்ணை, குறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். இதில் போன பால் பவுடர் யாரிடமிருந்து, எந்த லாட்டில், என்றைக்கு வந்தது? இதே பேட்ச்சின் மற்ற பெட்டிகள் யார் யாருக்குப் போயின? பிஆர்சி என்ற உணவுப் பாதுகாப்புத் தரத்தின்படி நான்கு மணி நேரத்துக்குள் பதில் வந்தாக வேண்டும். வாங்கியவர்களிடமிருந்து சரக்கைத் திரும்பப் பெற வேண்டிய நாள் வந்தால் இதே வேலையைத்தானே செய்ய வேண்டும்?

பதில் வந்ததும் அடுத்தது தொடங்கும்: மாஸ் பேலன்ஸ், அதாவது வந்த எடையும் போன எடையும் பொருந்துகிறதா என்ற கணக்கு. அந்த லாட்டில் 2,000 கிலோ பவுடர் வந்ததாக வரவுப் பதிவேடு சொல்கிறது. செய்முறைப்படி சரக்கில் பத்து சதவீதம் பவுடர். அந்த லாட்டை வைத்து 15,000 கிலோ சரக்கு செய்தார்கள் என்றால் 1,500 கிலோ செலவு. கழிவு 60 கிலோ. அப்படியானால் கிடங்கில் 440 கிலோ இருக்க வேண்டும். தராசில் 300 கிலோதான் நிற்கிறது என்றால், மீதி 140 கிலோ பதிவே இல்லாமல் எங்கோ போயிருக்கிறது. அதைவிட மோசமான இன்னொன்று உண்டு. அதே 2,000 கிலோவை வைத்து 25,000 கிலோ சரக்கு செய்ததாகக் கணக்கு காட்டினால், குறைந்தது 500 கிலோ பவுடர் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது, இல்லை பவுடரே அல்லாத ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது.

பள்ளியில் படித்த லவாய்சியரின் நிறை மாறா விதிதான் இது! பொய் எழுத நினைப்பவர் ஒரு பதிவேட்டைத் திருத்தினால் போதாது. வரவு, உற்பத்தி, கழிவு, கிடங்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் திருத்த வேண்டும். அவற்றை எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்கள். போதாததற்கு ஒரு பிரதி வாங்கியவரிடம் இருக்கிறது. எந்தப் பேட்ச் என்று முன்னாலேயே தெரியாது, நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கிருமிக்கு ஏது எடை? அங்கேதான் இந்த அழகான கணக்கு நின்றுபோகிறது. 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜென்சன் பண்ணையின் முலாம்பழங்களில் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த தனியார் தணிக்கையில் அந்தப் பண்ணை வாங்கியது நூற்றுக்கு 96. பழம் கழுவும் தண்ணீரில் கிருமிநாசினி சேர்க்கவில்லை என்று ஆடிட்டர் குறித்தும் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், உயிரைப் பறிக்கும் குறையும் ஓரிரு மதிப்பெண்ணுக்குள் கரைந்துவிடும். 96 என்பதைத் தாயத்து மாதிரி நம்புகிறவர்கள் இந்தக் கூட்டல் முறையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு சிக்கல், ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பவரே தணிக்கைக்கு உள்ளாகிறவர். இது எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு நல்ல சான்று குஜராத்தில் இருக்கிறது. உணவு அல்ல, தொழிற்சாலை மாசு. பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. பழைய முறையில் ஆடிட்டர்கள் கொடுத்த அளவுகள், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குச் சற்றே கீழே வந்து குவிந்திருந்தன. ஆய்வாளர்கள் சில ஆலைகளுக்கு ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், பொது நிதியிலிருந்து நிலையான கட்டணம் கொடுத்தார்கள், எதிர்பாராத மறுசோதனையும் வைத்தார்கள். ‘எல்லைக்குள்தான் இருக்கிறது’ என்ற பொய் அறிக்கை 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளின் மாசும் குறைந்தது.

உணவுத் தரங்களில் இப்போது வந்திருக்கும் மாற்றம், சொல்லாமல் வந்து நிற்கும் தணிக்கை. எஃப்எஸ்எஸ்சி 22000, பிஆர்சி இரண்டுமே மூன்று ஆண்டுகளில் ஒன்றாவது அப்படி நடக்க வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் கட்டணம் இன்னும் ஆலையின் கையிலிருந்தே வருகிறது. பிளாக்செயின் (ஏற்றியதை அழிக்க முடியாத கணினிப் பதிவேடு), சென்சார் என்றால் ஆய்வுப் பணம் கிடைக்கும் வேகத்தைப் பார்க்கிறேன். பொய்யான எண்ணைப் பிளாக்செயினில் ஏற்றினால் அது அழிக்க முடியாத பொய்யான எண்ணாகும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, குஜராத்தில் செய்த அதே பரிசோதனையை உணவு ஆலைகளில் பெரிய அளவில் செய்து பார்க்கலாம் என்பது என் கட்சி.