திடீர்னு வந்த குழப்பம் டிமென்ஷியாவா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் மனசுலயே போட்ட அம்மா, ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள் ராத்திரி ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிட்டு "வாசல்ல ஆள் நிக்குது, காபி போடு"ன்னாங்களாம், காலையில தெளிவு, சாயங்காலம் மறுபடியும் அதே கதை, இது டிமென்ஷியாவா?

பெரும்பாலும் இல்லைங்க. டிமென்ஷியாங்கற மறதி நோய் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா வரும். நாலு மணி நேரத்துல, ஒரு நாள்ல வந்து கூடிக் குறைஞ்சா அது டெலிரியம், அதாவது உடம்புல வேற ஏதோ கோளாறால மூளை திடீர்னு குழம்பிப் போறது.

டெலிரியத்துல முதல்ல அடி வாங்கறது கவனம். அதனாலதான் 4ஏடிங்கற சின்ன டெஸ்ட்ல மாசங்களை டிசம்பர்ல இருந்து தலைகீழா சொல்லச் சொல்றாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இது! நேரா சொல்றது வாய்ப் பழக்கம், தலைகீழா சொல்லணும்னா எங்க நிக்கறோம்னு பிடிச்சு வச்சுக்கணும், பழக்கத்தையும் அடக்கணும். டெலிரியத்துல இருக்கறவங்க "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..."னு போய் "நவம்பர், டிசம்பர்"னு திரும்பிடுவாங்க, இல்ல கேள்வியே மறந்து ஜன்னலைப் பார்ப்பாங்க. டிமென்ஷியா ஆரம்பத்துல பலர் இதைத் தட்டுத்தடுமாறி முடிச்சுடுவாங்க, ஆனா காலையில என்ன சாப்பிட்டோம்னு தெரியாது.

இந்தக் கவனத்துக்கு மூளையில நரம்பு செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனம் வேணும். ஊமத்தங்காய் தின்னவங்க பிதற்றறது ஏன்? அதுல உள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் அசிட்டைல்கோலின் போய் உக்கார்ற இடத்தை அடைச்சுக்கும். சில பழைய அலர்ஜி மாத்திரையும் வயசானவங்களுக்குக் கொஞ்சம் இதே வேலையைப் பண்ணும். அல்சைமர்ங்கற டிமென்ஷியா வகையில அசிட்டைல்கோலினைச் சுரக்கற செல்லே குறைஞ்சிருக்கும், அதனால சின்ன யூரின் இன்ஃபெக்ஷன் கூட டெலிரியத்துல தள்ளிடும். டிமென்ஷியாவும் டெலிரியமும் சேர்ந்தே வரலாம்.

டெலிரியத்துல கத்தறவங்களை எல்லாரும் கவனிப்பாங்க. சத்தமில்லாம சுருண்டு கிடந்து, கூப்பிட்டா பாதிக் கண் திறக்கறவங்களை "நல்லா தூங்கறாங்க"ன்னு விட்டுடறதுதான் எனக்கு பயம். "காத்து கருப்பு"ன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறது அதைவிட மோசம், திருநீறு பூசணும்னா பூசுங்க, ஆனா சோடியம், சுகர், ஆக்சிஜன், இன்ஃபெக்ஷன், யூரின் அடைப்பு, மலச்சிக்கல், புது மாத்திரை இதெல்லாம் அன்னைக்கே பார்த்தாகணும்.

ட்யூட்டி டாக்டருக்கு உங்க அம்மா முன்னாடி எப்படி இருந்தாங்கன்னு தெரியாது. வயசானவங்கன்னா இப்படித்தான்னு அவர் நினைச்சுடலாம். பால் கணக்கு போட்டதையும், எந்த ராத்திரி மாறினாங்கன்றதையும் நீங்கதான் அழுத்திச் சொல்லணும். கண்ணாடி, காது மெஷின் வீட்ல இருந்தா இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க.