கணினி: இப்போதே வாங்கலாமா, அடுத்த மாடலுக்குக் காத்திருக்கலாமா?

கணினி பழுதுபார்க்கும் பணியில் இருப்பவர்களிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போதே வாங்கிவிடலாமா, அடுத்த மாடல் வரும்வரை பொறுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் வரப்போகும் மாடலைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருக்கிறார். அதன் பிராசசர் பெயர், எதிர்பார்க்கப்படும் மாதம், கசிந்த படங்கள் வரை சொல்கிறார். கையில் இருக்கும் கணினியின் ஹார்ட் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது, பேட்டரியில் எவ்வளவு திறன் மிச்சமிருக்கிறது, பாதுகாப்பு அப்டேட்டுகள் இன்னும் வருகின்றனவா என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. முடிவெடுக்க உண்மையில் உதவுபவை இந்தத் தகவல்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த மாடல் எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். பிராசசர் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் (நுண்ணிய மின் சுவிட்சுகளின்) எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் கணித்து, 1975இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று திருத்திக்கொண்டார். அந்த வளர்ச்சியின் பலன் நேரடியாகக் கணினியின் வேகமாகவே கைக்கு வந்த காலத்தில், ஓராண்டு பொறுத்தவருக்கு உண்மையிலேயே வேறொரு தரத்தில் கணினி கிடைத்தது. பின்னர் நிலைமை மாறிவிட்டது. இன்டெலின் டெஸ்க்டாப் பிராசசர்கள் 2015இலிருந்து 2021இன் பெரும்பகுதி வரை 14 நானோமீட்டர் என்ற ஒரே தொழில்நுட்பத்திலேயே தயாரிக்கப்பட்டன. இடையில் கோர்களின் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) எண்ணிக்கை கூடியது. வீடியோ தொகுப்பவருக்கு அது நன்றாகவே பயன்பட்டது. ஆனால் கடிதம், கணக்கு, இணையம், காணொளிக் கூட்டம் என்ற அளவில் வேலை செய்பவருக்கு அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாடு சோதனை மென்பொருள் தரும் எண்களில் தெரிந்ததே தவிர, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது தெரியவில்லை. 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த ஆப்பிள் மடிக்கணினிகளைப் போல, ஒரே தலைமுறையில் வேகமும் பேட்டரி தாங்கும் நேரமும் சேர்ந்து கூடுவது எப்போதாவதுதான் நடக்கிறது.

ஆகவே முதலில் பழைய கணினியைப் பாருங்கள். விண்டோஸ் கணினி மெதுவாக இருக்கிறது என்றால், அது தடுமாறும் நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயல்திறன் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, பிராசசர் 10 சதவீதம்கூடத் தாண்டாமல் இருந்தால், பிராசசர் சும்மா இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பின் துண்டுகளைத் தேடித் தன் முனையை ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் சில மில்லி வினாடிகள் ஆகின்றன. சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை என்பதால் அதே வேலை மில்லி வினாடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும், புதிய கணினி வாங்கியே தீர வேண்டும் என்று வந்தவர் பழையதையே எடுத்துக்கொண்டு திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல நினைவகப் பகுதி எந்நேரமும் நிரம்பி வழிந்தால் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, கூட்டினால் போதுமா என்று பார்க்க வேண்டும். இந்தச் சிறு செலவுகள், அடுத்த மாடலுக்காக நிதானமாகக் காத்திருக்கும் வசதியையும் சேர்த்தே வாங்கித் தருகின்றன.

இதற்கு மாறான நிலையும் உண்டு; எனக்குக் கவலை தருவது அதுதான். ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்தில் இருந்த ஒருவர், கணினி அடிக்கடி உறைந்து நிற்பதைப் பொறுத்துக்கொண்டு புதிய மாடலுக்காகக் காத்திருந்தார். அந்த மாடல் வெளிவந்தபோது அதற்கு அடுத்ததைப் பற்றிய செய்திகள் தொடங்கிவிட்டதால் மேலும் காத்திருந்தார். என்னிடம் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டது. கெட்டுப்போன செக்டர்களை (தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளை) ஒதுக்கிவிட்டு மாற்று இடத்தில் எழுதிய எண்ணிக்கை, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. கோப்புகளில் பெரும்பகுதியை நகலெடுக்க முடிந்தது. இரண்டு அத்தியாயங்களைப் படிக்கவே முடியவில்லை. அந்தப் பதிவேட்டை இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். அதில் எச்சரிக்கை தெரிந்த பிறகு மாடல் ஒப்பீடுகளில் நேரம் செலவிட இடமில்லை. அன்றே கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கையோ கணினியையோ உடனே மாற்றுவதுதான் சரி.

பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவதும் இதே அளவுக்கு முக்கியமான காரணம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. தனிநபர் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இயங்க டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பிராசசரும் தேவை. இந்தத் தகுதி இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைக் கையாள்பவர் திட்டமின்றிக் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சரி, எப்போதுதான் காத்திருக்கலாம்? தயாரிப்பாளர் வெளியீட்டுத் தேதியை அறிவித்திருக்க வேண்டும், அது சில வாரங்களுக்குள் இருக்க வேண்டும், பழைய கணினி அதுவரை தாங்க வேண்டும், புதிய மாடலில் வரும் மாற்றம் உங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவைப்பட வேண்டும். இந்த நான்கும் பொருந்தினால் தாராளமாகக் காத்திருங்கள். புதியது வந்ததும் முந்தைய மாடலின் விலை குறைந்து, அதையே வாங்குவது நல்ல முடிவாக அமைவதும் உண்டு. வதந்தியை நம்பி, தேதி இல்லாமல் காத்திருப்பவர் மனத்தளவிலாவது ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த நாளில் கடையில் எது கிடைக்கிறதோ அதில் சிறந்ததை வாங்கிவிடலாம்.

காலம் போகப் போக விலை இறங்கும் என்ற நம்பிக்கையையும் கவனமாகவே பார்க்க வேண்டும். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் சில்லுத் தட்டுப்பாட்டில் கிராஃபிக்ஸ் கார்டுகள் அறிவிக்கப்பட்ட விலையில் கிடைக்கவே இல்லை. 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை காரணமாக ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. விலைக்காக மட்டும் காத்திருந்தவர்கள் இந்த மூன்று முறையும் கூடுதலாகவே கொடுக்க நேர்ந்தது.

புதிய மாடல் வந்த முதல் நாளிலேயே வாங்குவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2011 ஜனவரியில் இன்டெல் புதிய தலைமுறையை வெளியிட்ட சில வாரங்களிலேயே, அதற்கான சிப்செட்டில் (பிராசசரை மற்ற பாகங்களுடன் இணைக்கும் சில்லில்), டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகள் சில நாளடைவில் செயலிழக்கக்கூடும் என்று தெரியவந்து, விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் காணப்பட்ட நிலையின்மைக்கு (கணினி திடீரென முடங்குவதற்கு) 2024இல்தான் காரணம் கண்டறியப்பட்டு, திருத்தமும் நீட்டித்த வாரண்டியும் வழங்கப்பட்டன. வெளியான பின் இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்து, பயனர்கள் எழுதும் குறைகளைப் படித்துவிட்டு வாங்குவது நிதானமான வழி.

பெயரில் புதிதாக இருப்பது உள்ளேயும் புதிதாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்டெலின் போட்டியாளரான ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7640யு என்ற பிராசசர்கள் இரண்டுமே ஒரே 7000 வரிசையைச் சேர்ந்தவை. கடையில் அருகருகே இருந்தால் ஒரே ஆண்டின் கணினிகளாகவே தோன்றும். அந்த நான்கிலக்க எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் 2019இல் அறிமுகமான ஜென் 2 என்ற உள் கட்டமைப்பு; 4 என்றால் அதைவிட இரண்டு படி முன்னேறிய ஜென் 4. இதை அறியாமல் "புதிய வரிசை வரட்டும்" என்று காத்திருந்து பழைய கட்டமைப்பையே வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மாடல்களுக்கு இடையே தயங்கும்போது, தலைமுறையைக் காட்டிலும் ரேமின் அளவுக்கு முதலிடம் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னால் கூட்ட வழியில்லை. 8 ஜி.பி. உள்ள அடுத்த ஆண்டு மாடலைவிட 16 ஜி.பி. உள்ள இந்த ஆண்டு மாடல் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். எஸ்.எஸ்.டி.யைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கி முடித்ததும் முதல் வாரத்தில் கணினியை உறையிலேயே வைத்திருக்காமல், கனமான வேலைகளைக் கொடுத்து, எல்லா போர்ட்டுகளையும் கேமராவையும் மைக்கையும் சோதித்துப் பாருங்கள். உற்பத்திக் குறை இருந்தால் அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மாற்றித் தரும் காலக்கெடுவும் அப்போது முடிந்திருக்காது. அந்தக் காலக்கெடு கழியும்வரை பழைய கணினியை விற்கவோ அதிலுள்ள கோப்புகளை அழிக்கவோ வேண்டாம்.